எந்தக் கணக்கில் பணம் விழுகிறது?

குடும்ப வன்முறையிலிருந்து மீண்டு வரும் பெண்களுக்கு உதவித்தொகையை நேரடியாக வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரிதான், ஆனால் எந்தக் கணக்கில்? கூட்டுக் கணக்கில் விழுந்தால் கணவரே எடுத்துவிடலாம். அவள் பெயரில் மட்டும் உள்ள பழைய கணக்காக இருந்தாலும், பதிவான செல்போன் எண் அவரிடம் இருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். அதனால் முதலில் புது சிம், புது மின்னஞ்சல், வேறு வங்கியில் தனிக் கணக்கு. பாஸ்வேர்டு மாற்றுவதை அவர் கைபட்ட போனில் செய்யவே கூடாது. கூட்டுக் கணக்கின் கார்டைத் தேய்த்து மருந்து வாங்கினால்கூட, கடையின் பெயர் ஸ்டேட்மென்ட்டில் வந்து, அவள் எங்கே இருக்கிறாள் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கிரெடிட் ரிப்போர்ட்டையும், அதாவது அவள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் அறிக்கையையும், எடுத்துப் பாருங்கள். அவளுக்கே தெரியாமல் அவள் பெயரில் வாங்கிய கடன் அதில்தான் தெரியவரும். கூட்டுக் கடன் என்றால் பிரிந்த பிறகும் முழுத் தொகைக்கு அவளும் பொறுப்பு. வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, மேற்கொண்டு கடன் எடுக்க முடியாதபடி நிறுத்தச் சொல்ல வேண்டும்.

உதவி செய்யும் அமைப்புகளுக்கு ஒன்று. "ரசீது கொண்டுவந்தால் திருப்பித் தருகிறோம்" என்ற விதியை தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கையில் காசில்லாதவள் வாடகை முன்பணத்தை எப்படி முதலில் கட்டுவாள்?