டைட்டானிக்கை ரெஸ்யூமேயிலிருந்து எடுத்துவிடுங்கள்

பெருநகரம் ஒன்றில் மெஷின் லேர்னிங் (எம்எல், டேட்டாவைக் காட்டிக் கணினியைக் கணிக்கப் பழக்குவது) இன்ஜினியர் வேலைக்கு விளம்பரம் வந்தால் விண்ணப்பங்கள் மலைபோலக் குவிகின்றன. ஆள் எடுக்கிறவர்களோ "சரியான ஆளே கிடைக்க மாட்டேங்குது" என்று புலம்புகிறார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. கடையில் பரப்பி வைத்திருக்கும் சரக்கு ஒன்று, வாங்க வந்தவர் தேடுவது வேறொன்று.

அந்தக் குவியலில் திரும்பத் திரும்ப வருவது மூன்று புராஜெக்ட். டைட்டானிக்கில் யார் பிழைத்திருப்பார், எம்னிஸ்ட் கையெழுத்து எண்கள், ஐரிஸ் பூக்கள். ஐரிஸில் மொத்தமே 150 வரிசைதான். கேகிள் போட்டித் தளத்தில் கிடைக்கும் டைட்டானிக் பயிற்சிக் கோப்பில் 891. எம்னிஸ்ட்டில் 28க்கு 28 பிக்சலில் 70,000 படங்கள். பாடம் படிக்க மூன்றுமே அருமையானவை, அதில் சண்டை கிடையாது. ஆனால் டேட்டாவைச் சேகரித்து, லேபிள் ஒட்டி, எதைக் கணிக்க வேண்டும் என்ற கேள்வியையும் யாரோ முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேலையில் சம்பளம் தருவதே பெரும்பாலும் அந்த மூன்றுக்குத்தான். கூகுள் இன்ஜினியர்கள் 2015ல் எழுதிய ஒரு கட்டுரையில் பிரபலமான படம் ஒன்று உண்டு. நடுவே சின்னக் கறுப்புப் பெட்டி, அதுதான் மாடல் கோடு, அதாவது கணிக்கும் நிரல். சுற்றிலும் டேட்டா சேகரிப்பு, சரிபார்ப்பு, சர்வர், மானிட்டரிங் என்று பெரிய பெரிய பெட்டிகள். இன்றைய வேலைச் சந்தைக்கும் அந்தப் படம் அப்படியே பொருந்துகிறது.

பதவியின் பெயரை நம்பாதீர்கள், விளம்பரத்தில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று படியுங்கள். எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் மொழி), டாஷ்போர்டு, ஏ/பி டெஸ்ட் (இரண்டு வடிவங்களை ஒப்பிடுவது) என்றால் பெயர் எதுவானாலும் அது அனலிஸ்ட் வேலை. குபர்னெட்டீஸ், ஏர்ஃப்ளோ என்றால் மாடல்கள் ஓடும் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பிளாட்ஃபார்ம் வேலை, நள்ளிரவில் போன் வரும். வெக்டர் டேட்டாபேஸ், பிராம்ப்ட், ஆர்ஏஜி (ஆவணங்களைத் தேடி எடுத்து மாடலுக்குக் கொடுப்பது) என்றால் தயார் மாடலின் மேல் அப்ளிகேஷன் கட்டுவது. மூன்றும் ஒரே விளம்பரத்தில் இருந்தால் பெரும்பாலும் அந்த கம்பெனியின் முதல் எம்எல் ஆள் நீங்கள்தான். "டேட்டா இன்றைக்கு எங்கே இருக்கிறது?" என்று முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். (எல்எல்எம் எனும் பெரிய மொழி மாடல்களுக்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரை வந்ததே 2017ல். சாட்ஜிபிடி 2022 நவம்பரில். "எல்எல்எம் புரொடக்‌ஷன் அனுபவம் 10 வருடம்" என்று கேட்டால் சிரித்துவிட்டு விண்ணப்பியுங்கள். அந்த வரியை எழுதியவர் உங்களை இன்டர்வியூ எடுக்கப் போவதில்லை.)

இன்டர்வியூவில் ஆள் கவிழ்வது கணக்கில் இல்லை, கணக்கை வேலையோடு இணைப்பதில். மோசடிப் பரிவர்த்தனை கேள்வியை எடுத்துக்கொள்வோம். 10,000 பரிவர்த்தனை, அதில் 50 மோசடி. எல்லாவற்றையும் "நல்லது" என்று சொல்லும் மாடலுக்கே 99.5 சதவீத அக்யூரசி (சரியாகச் சொன்ன விகிதம்) கிடைத்துவிடும். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அடுத்தது: மாடல் 100ஐப் பிடிக்கிறது, அதில் 40 உண்மையான மோசடி. பிரிசிஷன் (பிடித்ததில் உண்மையானது) 40 சதவீதம், ரீகால் (மொத்த மோசடியில் பிடிபட்டது) 80. இதையும் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். பிறகு வரும் கேள்வியில்தான் அமைதி: "சரிபார்க்கும் டீமால் ஒரு நாளைக்கு 60தான் பார்க்க முடியும், என்ன செய்வீர்கள்?" த்ரெஷோல்டை, அதாவது மோசடி என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச வாய்ப்பு மதிப்பை, 60 வருகிற இடத்துக்கு ஏற்ற வேண்டும். அங்கே 35 மோசடி சிக்கினால் பிரிசிஷன் 58க்கு ஏறும், ரீகால் 70க்கு இறங்கும். தப்பிய 15ல் பெரிய தொகை எத்தனை என்று பார்த்து, வெறும் வாய்ப்பு மதிப்பால் வரிசைப்படுத்தாமல் வாய்ப்பைத் தொகையால் பெருக்கி வரிசைப்படுத்தலாம் என்று சொல்கிறவருக்கு அன்றைக்கே பாதி வேலை கிடைத்த மாதிரி.

அடுத்த பள்ளம் லீக்கேஜ், கணிக்கும் நேரத்தில் கிடைக்காத தகவல் மாடலுக்குள் கசிவது. ஏயுசி (1 வந்தால் முழு மதிப்பெண்) 0.99 வந்தால் பார்ட்டி கொடுக்காதீர்கள், பயப்படுங்கள். யார் சேவையை விட்டுப் போவார் என்று கணிக்கும் டேபிளில் "கடைசி அழைப்பின் காரணம்" என்றொரு நெடுவரிசை இருக்கும், அதில் "கணக்கை மூடக் கேட்டார்" என்று எழுதியிருக்கும். கணிக்க வேண்டிய நாளில் அந்தத் தகவலே பிறந்திருக்காது. எக்ஸ்ரே வேலை என்றால், ஒரே நோயாளியின் இரண்டு படத்தில் ஒன்று மாடலைப் பழக்கும் டிரெயினிலும் ஒன்று சோதிக்கும் டெஸ்ட்டிலும் விழுந்திருக்கும். படத்தை வைத்துப் பிரிக்கக்கூடாது, நோயாளியை வைத்துப் பிரிக்க வேண்டும். தேதி சார்ந்த டேட்டாவை ரேண்டமாகக் கலைத்துப் பிரிப்பதும் இதே தப்புதான், நாளையைப் பார்த்துவிட்டு நேற்றைக் கணிப்பது.

எல்எல்எம் பக்கம் போகிறவர்கள் மெமரிக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும். 700 கோடி பாராமீட்டர் (மாடல் கற்ற எண்கள், வெயிட் என்றும் சொல்வார்கள்), ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 2 பைட். வெயிட்டுக்கு மட்டும் 14 ஜிபி. "16 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டில் அடங்கிவிடுமே" என்று நிறுத்தினால் போச்சு. கேவி கேஷ், அதாவது இதுவரை பேசியதை மாடல் வைத்துக்கொள்ளும் மெமரி, எங்கே? 32 லேயர், 4,096 அகலம் கொண்ட லாமா 2 வகை மாடலில் ஒரு டோக்கனுக்கு (சொல்லின் துண்டுக்கு) சுமார் அரை எம்பி. 4,096 டோக்கன் உரையாடலுக்கு 2 ஜிபி. ஒரே ஒரு ஆள் பேசினாலே கார்டுக்கு மூச்சு முட்டும், பத்துப் பேர் வந்தால் கேஷுக்கு மட்டும் 20 ஜிபி. வெயிட்டை 4 பிட்டுக்கு இறக்கினால் 3.5 ஜிபி ஆகும், ஆனால் கேஷ் அப்படியேதான் இருக்கும், அதைத் தனியாகக் குறைக்க வேண்டும். முழு ஃபைன்டியூனிங் (தயார் மாடலை நம் டேட்டாவில் மேலும் பழக்குவது) என்றால் ஆடம் ஆப்டிமைசரோடு பாராமீட்டருக்கு 16 பைட், ஆக 112 ஜிபி. சின்னப் பகுதியை மட்டும் பழக்கும் லோரா முறை இவ்வளவு பரவியதற்கு இந்தக் கணக்குதான் காரணம். இதை ஒரு காகிதத்தில் இரண்டு நிமிடத்தில் போட்டுக் காட்டினால் நான்கு சர்டிஃபிகேட்டுக்குச் சமம்.

பெருநகரம் என்றால் பெரிய டெக் கம்பெனி மட்டும் என்று நினைத்து எல்லோரும் அதே பத்து வாசலில் நிற்கிறார்கள். வங்கி, காப்பீடு, மருத்துவமனைக் குழுமம், சரக்குப் போக்குவரத்து, சூப்பர் மார்க்கெட் சங்கிலி ஆகிய இடங்களிலும் கணிப்பு வேலை நடக்கிறது, விளம்பரத்தில் ஏஐ என்ற சொல்லே இல்லாமல்கூட. புதிதாக வருகிறவருக்கு நேர் வாசல் இப்போது குறுகியிருக்கிறது என்பதே என் கணிப்பு. முன்பு ஜூனியர்கள் மாதக்கணக்கில் செய்த வகைப்படுத்தும் வேலைகளில் பல இன்று தயார் மாடலுக்கு அனுப்பும் ஒரு ஏபிஐ அழைப்பில் முடிகின்றன. பேக்எண்ட் அல்லது டேட்டா இன்ஜினியராக உள்ளே நுழைந்து, பக்கத்து டீமுக்கு நகர்வது சுலபம்.

ஆறாவது கோர்ஸை விட்டுவிட்டு ஒரே ஒரு புராஜெக்டை முழுசாக ஓட விடுங்கள். தினம் மாறும் பொது டேட்டா வேண்டும், காற்றின் தரம் மாதிரி. கிரான் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கருவி) வைத்து 60 நாள் நீங்களே சேகரியுங்கள். முதல் போட்டியாளர் "நேற்றைய மதிப்புதான் இன்றும்" என்ற ஒரு வரி பேஸ்லைன். பல மாடல்கள் இதனிடமே தோற்கும், தோற்றால் அதையும் எழுதுங்கள். பிறகு மாடலை இணையச் சேவையாக்க ஃபாஸ்ட்ஏபிஐ, எங்கும் ஓடும்படி பொட்டலம் கட்ட டாக்கர், அதோடு ஒவ்வொரு கணிப்பையும் நேரத்தோடு லாக் செய்து மறுநாள் நிஜ மதிப்போடு ஒப்பிடுவது. ஒரு நாள் சென்சார் செத்துப்போய் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்பும். மாடலுக்கு அது கணிக்க மிக எளிதான நாள், பிழை குறைந்து கிராஃப் அழகாகத் தெரியும். தொடர்ந்து ஆறு மணி நேரம் எண் மாறாவிட்டால் எச்சரிக்கை என்று ஒரு செக் எழுதி, ஏன் எழுதினீர்கள் என்று ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் மூன்று வரி போடுங்கள். இன்டர்வியூவில் அந்த மூன்று வரியைச் சுற்றியே அரை மணி நேரம் ஓடும்.

வீட்டில் செய்து தரச் சொல்லும் டெஸ்ட் நான்கு மணி நேரத்துக்குள் என்றால் செய்யலாம். ஒரு வாரம், அதுவும் கம்பெனியின் சொந்த டேட்டாவில் என்றால், அது இலவச வேலை. மறுத்துவிடலாம்.

கடைசியில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். "இன்று எத்தனை மாடல் புரொடக்‌ஷனில் ஓடுகிறது, கடைசியாக ஒன்று கெட்டுப்போனபோது முதலில் கண்டுபிடித்தது யார்?" என்று கேளுங்கள். "கஸ்டமர்தான் போன் செய்தார்" என்று ஒத்துக்கொள்ளும் டீமில் உங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது, போகலாம். "எங்க மாடல் கெட்டதே இல்லை" என்றால் இன்னொரு கேள்வி பாக்கி: மானிட்டரிங் டாஷ்போர்டைக் கடைசியாகத் திறந்தது யார், எப்போது?