கடலைப் பார்க்கலாம், கால் நனைக்க முடியாது

கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு விற்கிறவர்கள் சமையலறையைக் காட்ட முதலே பால்கனிக் கதவைத் திறந்துவிடுவார்கள். "பாருங்கோ அக்கா, முழுக்கக் கடல்." உண்மைதான், முழுக்கக் கடல். விலையிலும் அந்தக் கடலைச் சேர்த்துத்தான் போட்டிருப்பார்கள். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியும் ஏசிப் பெட்டியும் துருப்பிடித்து உதிர்வது மட்டும் விலையில்லாமல் கிடைக்கும். சரி, இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய கடலில் போய் ஒருநாள் கால் நனைப்போம் என்று இறங்கிப் பாருங்கள்.

மரைன் டிரைவைக் கடப்பதே முதல் கண்டம். பின்னேரத்தில் அந்த வீதியில் ஒருவரும் பிரேக் என்று ஒன்று இருப்பதாகக் காட்டிக்கொள்வதில்லை. தப்பிக் கடந்தால் தண்டவாளம், போக ஒன்று, வர ஒன்று. அதற்கும் அப்பால், கரையை அலை அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கல். எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் கேற்றும் இல்லை, மேம்பாலமும் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்து, சேலையைத் தூக்கிப் பிடித்து, சல்லிக்கல்லில் சறுக்காமல் ஓட வேண்டியதுதான்.

எங்கள் கட்டடத்தில் முழங்கால் வருத்தத்தோடு ஒரு அம்மா இருக்கிறா. மணலில் கொஞ்சம் நடக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருக்கிறார். நல்ல டொக்டர், வெள்ளவத்தைப் பக்கம் வந்திருக்க மாட்டார். அவ வீதியோரத்தில் நின்று, "பிள்ளை, கோச்சி போட்டுதோ?" என்று கேட்பா. ஒன்று போட்டுது அம்மா என்று சொல்லி வாய் மூட முதல் மற்றப் பக்கத்தால் ஒரு ரயில் கூவிக்கொண்டு வரும். கந்தோர் விடுகிற நேரம், கோட்டை ஸ்டேஷனில் இருந்து வருகிற ஒவ்வொரு பெட்டியிலும் வாசலில் ஆட்கள் தொங்குவார்கள். அது போய் முடிய இருட்டிவிடும். அவவும் செருப்பைத் தட்டிக்கொண்டு லிப்டுக்குத் திரும்பிவிடுவா. பொடியன்கள் என்றால் பாய்ந்து கடந்துவிடுவார்கள். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடந்தவர் அடிபட்டார், செல்பி எடுக்கப் போனவர் அடிபட்டார் என்று செய்தி வருவதும் நிற்கவில்லை. செய்தியின் கீழே எல்லாரும் செத்தவனுக்குத்தான் புத்தி சொல்லுவார்கள்.

ரயில் பாதை போட்டது வெள்ளைக்காரன். 1877 அளவில் பாணந்துறை வரை வந்து, 1895 இல் மாத்தறைக்குப் போய்ச் சேர்ந்த பாதை இது. அப்போது இங்கே இந்த மாடிகளும் இல்லை, நாங்களும் இல்லை. அவனைத் திட்டி என்ன பலன்? அதே வெள்ளைக்காரன் 1859 இல் காலிமுகத்திடலில் கடலோர நடைபாதையைக் கட்டி முடித்து, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று பின்னால் வரும் ஆளுநர்களுக்குக் கல்லிலேயே எழுதி வைத்துவிட்டுப் போனான். வெள்ளவத்தையில் இருக்கிற பெண்களும் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இல்லைப்போல.

காலிமுகத்திடலுக்குப் பக்கத்திலேயே கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் துறைமுக நகரம் என்று புது நிலம் எடுத்தார்கள். அங்கே செயற்கைக் கடற்கரையும் உண்டு. இல்லாத நிலத்தைக் கடலுக்குள் உண்டாக்கத் தெரிந்த நாட்டுக்கு, இருக்கிற கரைக்குப் போக ஒரு படிக்கட்டுக் கட்டத் தெரியாதாம்!

இவ்வளவையும் தாண்டி மணலுக்குப் போனாலும் நிம்மதி இல்லை. வடக்கே வெள்ளவத்தைக் கால்வாய், தெற்கே தெஹிவளைக் கால்வாய். கொழும்பின் வெள்ளம் வடிய வெட்டியவைதான். ஆனால் வெள்ளத்தோடு நகரத்தின் அழுக்கும் சேர்ந்து எங்கள் வாசலில்தான் கடலைப் பிடிக்கிறது. நல்ல மழை பெய்தால் கரைத்தண்ணீர் பால்தேத்தண்ணி நிறம். பிறகு போத்தல், சொப்பிங் பேக், ஒற்றைச் செருப்பு என்று அலை வரிசையாகக் கொண்டுவந்து வைக்கும். 2021 இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் எரிந்து மேற்குக் கரையெல்லாம் பிளாஸ்டிக் மணி ஒதுங்கியபோது நாடே கொதித்தது. நாங்களே தினமும் போடுகிற குப்பைக்கு மட்டும் கொதிப்பு வருவதில்லை. நம்மட சனத்தைச் சொல்லாமல் விடவும் முடியாது. சாமிக்குச் சாத்திய மாலையைப் பொலித்தீன் பையோடு கடலில் எறிந்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். காலி வீதியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை ஒவ்வொன்றாக மணந்து, பத்து ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்குகிறவர், தின்ற கொட்டையையும் தோலையும் பையோடு கருங்கல்லுக்குள் செருகிவிட்டு வருகிறார். மலசலகூடம்? எங்கள் பக்கத்தில் ஒன்றும் இல்லை. கருங்கல்லுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று விளக்கத் தேவையில்லை, மணமே சொல்லும்.

வெள்ளவத்தையில் வேறு குறை இல்லை. சந்தை, சேலைக்கடை, சைவக்கடை, இராமகிருஷ்ண மிஷன், 1942 இல் தொடங்கிய தமிழ்ச் சங்கம், இரவானால் யாழ்ப்பாணம் போகிற பஸ் என்று எல்லாம் நடக்கிற தூரத்தில். இல்லாதது திறந்த வெளி ஒன்றுதான். 1983 இனக்கலவரத்தில் எரிந்த ஊர் இது. 1995 இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தில் எத்தனையோ பேர் பிறகு வந்து ஒதுங்கியதும் இங்கேதான். லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தவர்களும் உண்டு. 2007 ஜூன் 7 அன்று விடிய முதல் கொழும்பு லொட்ஜுகளில் இருந்து 376 தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பிய கதையும் இந்த ஊருக்கு மறக்காது. அந்த நாட்களில் கரைக்குப் போனால் அடையாள அட்டை எங்கே என்பார்கள். இப்போது ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் முற்றம் இல்லாத மாடிவீட்டில் வளர்கிற பிள்ளைக்குப் பந்து உருட்ட இடம் எங்கே? நடைபாதையா? அதில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது, அதற்குப் பக்கத்தில் கொத்துரொட்டிக் கடையின் விளம்பரப் பலகை நிற்கிறது.

கட்டடத்துக்காரர் சேர்ந்து ஒரு கந்தோருக்குக் கடிதம் கொடுத்தோம். தண்டவாளம் எங்களுடையது இல்லை என்றார்கள். தண்டவாளக்காரர், வீதி எங்களுடையது இல்லை என்றார்கள். மணல் இன்னொருவருடையதாம், குப்பை வேறொருவருடையதாம். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், தேத்தண்ணியும் தந்தார்கள்.

நாங்கள் மெரினா மாதிரிக் கடற்கரை கேட்கவில்லை. ஒழுங்கை முடிவில் முழங்கால் வருத்தக்காரியும் ஏறக்கூடிய ஒரு பாலம், அதற்குக் கீழே மூடியுள்ள நாலு குப்பைத்தொட்டி, பூட்டுப் போடாத ஒரு கக்கூஸ். மாடிக்கு மேல் மாடி கட்ட அனுமதி கொடுக்கும்போதே ஒவ்வொரு கட்டடக்காரரிடமும் இதற்கென்று கொஞ்சக் காசை வாங்கி வைத்திருந்தால், இந்நேரம் ஒழுங்கைக்கு ஒரு பாலம் நின்றிருக்கும். கடலைக் காட்டி விற்கிறவர்கள்தானே, கொடுக்கட்டும்!