உட்கார ஓர் இடம் உண்டா?

நகரத்தின் பெரிய கடைத்தெருவைச் சுற்றிப் பார்க்க ஆசையாகத்தான் கிளம்புகிறேன். இரண்டு மணி நேரத்தில் கால் கெஞ்ச ஆரம்பித்துவிடுகிறது. தெரு முழுக்க ஒரு பெஞ்சு கிடையாது. உட்கார வேண்டுமென்றால் எதையாவது வாங்கிக் குடிக்க வேண்டும். குடித்தால் அப்புறம் கழிவறை தேட வேண்டும். அது இருப்பதோ அங்குள்ள பல மாடிக் கடையின் கடைசி மாடியில், கடைசி மூலையில்.

சரி, மேலே போகலாமென்றால் ஏறி வந்த எஸ்கலேட்டர் ஒரு பக்கம், அடுத்த மாடிக்கு ஏறுவது எதிர்ப்பக்கம். நடுவில் இருக்கிற சரக்கையெல்லாம் பார்த்துக்கொண்டே நடக்கட்டும் என்றுதான் அப்படி வைக்கிறார்கள். எனக்கு வேண்டியது ஒரு ஜோடி சாக்ஸ். அதற்கு சூட்கேஸ், சென்ட், திரைச்சீலை எல்லாவற்றையும் தாண்டினேன். மெத்தைப் பிரிவில் ஒரு நிமிடம்தான் உட்கார்ந்தேன். உடனே ஒருவர் வந்து, “என்ன சைஸ் பார்க்கிறீங்க?” என்றார்.