துடக்குக் கழிந்தால் பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வும் போய்விடுமா?

அக்கா, "31 துடக்கு (பிள்ளை பிறந்த 31ஆம் நாள் கழிக்கும் தீட்டு) கழிய அழுகையெல்லாம் தானாக நிற்கும், மாத்திரை தொடங்கினால் தாய்ப்பாலை நிற்பாட்ட வேண்டும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே பிழை. நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் இதை நம்பி ஒரு தாய் பேசாமல் இருந்துவிடக் கூடாது.

பிள்ளை பிறந்து இரண்டு மூன்று நாளில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் நீடித்தால் அது வேறு, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். என் தங்கச்சிக்கு 31 கழிந்து ஒரு மாதமாகியும் மாறவில்லை. பத்தியக் கறியும் சோறும் ஆறிப்போய்க் கிடக்கும். குழந்தை நித்திரை, இவள் மட்டும் தொட்டிலையே பார்த்துக்கொண்டு விடிய விடிய முழிப்பு. "பால் கொடுக்கிறவள் அழக்கூடாது" என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அது அவளை இன்னும் ஒடுக்கியது.

மாத்திரை விஷயம்: செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் பாலில் மிகக் குறைவாகவே சேரும். பால் கொடுக்கும் தாய்மாருக்கு வைத்தியர்கள் வழக்கமாக எழுதுவதுதான். நீங்களாகத் தொடங்கவோ நிற்பாட்டவோ வேண்டாம், பால் கொடுப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படுவதுமில்லை, சிலருக்கு ஆற்றுப்படுத்தலே (கவுன்சிலிங்) போதும்.

வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் (அரச மருத்துவிச்சி) முதலில் சொல்லலாம். பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகள் இதற்காகவே இருக்கின்றன, கடந்த ஏழு நாளைப் பற்றித்தான் கேட்கும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு உண்டு. இலங்கையின் மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

இல்லாத குரல் கேட்கிறது, தன்னையோ பிள்ளையையோ ஏதும் செய்துவிடுவேன் போலிருக்கிறது என்றால் விடியும்வரை காத்திராமல் உடனே ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.