பத்திரம் பதிவாயிருச்சாம், அப்புறம் என்னவாம்!

"ஏனுங்க, இந்தச் சைட்டு நாலு கை மாறிருக்குது. நாலு தடவையும் பத்திரம் பதிவாயிருக்குது. அப்புறம் என்னங்க யோசனை?"

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடுன்னு எந்தப் பக்கம் போனாலும் புரோக்கர் வாயில இதே பாட்டு. கேட்டாலே பத்திக்கிட்டு வருது.

பத்திரம் வேற, அனுமதி வேற. வீட்டுக்குப் பிளான் இருக்குதா, மேல் மாடி அந்தப் பிளான்ல இருக்குதான்னு சார்பதிவாளர் ஏணி வெச்சு ஏறிப் பார்க்கறதில்ல. 2016 செப்டம்பர் 9-ல ஹைகோர்ட் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியவே தடை போட்டுது. பின்னாடி, 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடியே வீட்டுமனைன்னு ஒரு தடவை பதிவான இடத்தை மறுபடி பதியலாம்னு தளர்த்துனாங்க. புரோக்கர் பெருமையா விரிச்சுக் காட்டற நாலு பத்திரமும் தடைக்கு முன்னாடி பதிஞ்சதா, இல்லாட்டி அந்த ஓட்டையில நுழைஞ்சு வந்ததா இருக்கலாம். அங்கீகாரம் அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல.

அடுத்தது "பஞ்சாயத்து அப்ரூவல்". ஒரு வரைபடம், ஓரத்துல தலைவரோட ரவுண்டு சீல், ஒரு கையெழுத்து. தோட்டத்தைச் சைட்டாப் பிரிக்க அனுமதி குடுக்கற அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககம் குடுத்த அனுமதி எண்ணும் தேதியும் வேணும். தொண்டாமுத்தூர், ஆனைகட்டிப் பக்கம்னா பல ஊர் மலைப்பகுதிப் பட்டியல்ல வருது, அங்க ஹாக்காங்கற மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தோட ஒப்புதலும் சேர்த்து வேணும். இதையெல்லாம் கேட்டா "அதெல்லாம் பெரிய பில்டருக்குங்க"ங்கறான்.

"வரன்முறை பண்ணிக்கலாங்க", அதாவது அங்கீகாரமில்லாத மனையைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கலாம்னு ஒரு சமாதானம் வேற. 2017 விதிப்படி முதல்ல மொத்த லேஅவுட்டுக்கும் கொள்கை ஒப்புதல் வாங்கணும், அப்புறம் தனி மனைக்குக் கட்டணம் கட்டணும். அதுலயும் வாய்க்கால், குளம், ரோடு, பார்க்குக்கு ஒதுக்குன இடம், ஹைடென்ஷன் லைனுக்கு அடியில இருக்கற இடம் எதுக்கும் வரன்முறை கிடையாது. நம்மூர்ல இதுதான் பெரிய ஆபத்து. சோளத்தட்டு நின்ன காலத்துல பள்ளமாக் கிடந்ததை லோடு லோடா செம்மண்ணு கொட்டி நிரவிடறாங்க. கல்லு நட்டு, கேட்டுப் போட்டு, ரெண்டு அலங்காரப் பனையும் வெச்சுட்டா யாருக்குத் தெரியும்? எஃப்எம்பி-ங்கற புல அளவு வரைபடத்தையும் கிராம வரைபடத்தையும் வாங்கிப் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஓடை எங்க போகுதுன்னு தெரியும். ஐப்பசி மழைக்குத் தண்ணி பழைய தடத்துலதான் வரும். கெட்டிக்காத மண்ணுல நிக்கற அஸ்திவாரம் ஒரு பக்கமா இறங்கும். ஜன்னல் மூலையில இருந்து சாய்வா விரிசல் விழும். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிச்சு மறைப்பான், அடுத்த வருசம் அதே இடத்துல திரும்ப விடும்.

இனி கட்டுன வீடு. மனை வரன்முறை ஆயிட்டா வீடும் சரியாயிருச்சுன்னு நினைக்கறவங்கதான் அதிகம். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. வீட்டுக்குன்னு தனியாப் பிளான் அனுமதி இருக்கணும். ஜெராக்ஸ் போதாது. சீல் போட்ட வரைபடத்தைக் கையில வாங்கிட்டு, ஒரு டேப்பும் எடுத்துட்டுப் போங்க. காம்பவுண்டு சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவுல பிளான்ல எத்தனை அடி, தரையில எத்தனை அடி? பிளான்ல ரெண்டு தளம், நிக்கறது மூணா? கார் நிறுத்தற இடத்துல ஷட்டர் போட்டு மளிகைக் கடை ஓடுதா? சந்துல ஆள் சைடா நடந்து போற அளவுக்கு இருந்தா, செட்பேக்கை, அதாவது வீட்டைச் சுத்திக் கட்டாயம் விடவேண்டிய காலி இடத்தைத் தின்னுட்டாங்கன்னு அர்த்தம்.

வீட்டு வரி ரசீதும் ஈபி கார்டும் காட்டுவாங்க. வரி கட்டுனா வரி கட்டுனதுக்குத்தான் அத்தாட்சி. பிளான்படி கட்டி முடிச்சாச்சுன்னு குடுக்கற நிறைவுச் சான்றிதழ்ல இருந்து சின்ன வீடுகளுக்கு விலக்கு உண்டு, அதைப் பிடிச்சுட்டுப் பிளானே வேண்டாம்னு கதை விடுவாங்க. நம்பாதீங்க. 2024 டிசம்பர் 17-ல சுப்ரீம் கோர்ட், நிறைவுச் சான்றிதழைச் சரிபார்த்துட்டுத்தான் பேங்க் கடன் தரணும், வருசக்கணக்கா நிக்குதுங்கறதுக்காகச் சட்டவிரோதக் கட்டடம் சட்டப்படி ஆயிடாதுன்னு சொல்லிருச்சு. நாளைக்கு நீங்க விக்கப் போகும்போது வாங்க வர்றவருக்கு லோன் கிடைக்காது. ரொக்கத்துக்கு வாங்க வர்றவன் அடிமாட்டு விலைக்குத்தான் கேப்பான்.

பூட்டி சீல் வைக்கற நோட்டீஸ் வந்தா, இன்னிக்குப் பத்திரத்துல பேர் இருக்கறவருக்குத்தான் வரும். கட்டி வித்தவன் அந்நேரம் அடுத்த தோட்டத்துல கல்லு நட்டுட்டு இருப்பான்.

இத்தனைக்கும் 2024 ஜூலையில இருந்து, 2500 சதுர அடிக்குள்ள அங்கீகரிச்ச மனையில 3500 சதுர அடி வரைக்கும் கீழ், மேல்னு ரெண்டு தள வீட்டுக்குச் சுயசான்று போட்டு ஆன்லைன்லயே அனுமதி எடுக்கலாம். அதுகூட இல்லாம ஒரு புது வீடு விலைக்கு வருதுன்னா, எடுக்க முடியாததுக்கு எதோ காரணம் இருக்குதுன்னுதான் எடுத்துக்கணும்.

அட்வான்ஸ் குடுக்கற முன்னாடி அக்ரிமென்ட்ல ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க: "மனை அங்கீகாரமும் கட்டட அனுமதியும் அசலாகக் காட்டப்படாவிட்டால் முன்பணம் முழுதும் 15 நாளில் திருப்பித் தரப்படும்." அந்த வரியைப் படிச்சதும் புரோக்கர் போனைக் காதுல வெச்சுட்டு எப்படி வெளிய நழுவறாருன்னு மட்டும் பாருங்க.