அப்படின்னா தம்பி, வெச்சது யாரு?

2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம், 2006ஆம் ஆண்டு மும்பை லோக்கல் ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டனை பெற்றிருந்த 12 பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. அன்று மாலை தாராவி 90 அடிச் சாலையில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே உள்ள டீக்கடையில் நின்றிருந்தேன். எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் அண்ணாச்சி ஒருவர் என் கைபேசியை வாங்கி, அதில் ஓடிக்கொண்டிருந்த செய்தியை இடது காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். வலது காது அவருக்கு 19 ஆண்டுகளாகக் கேட்பதில்லை. செய்தி முடிந்ததும் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்படின்னா தம்பி, வெச்சது யாரு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட விடை இன்றைக்கு எதுவும் இல்லை. அதைவிட எனக்கு வருத்தம் தருவது, அவரைப் போன்ற சிலரைத் தவிர இந்த நகரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பவர்களே இல்லை என்பதுதான்.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். சர்ச்கேட்டில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 2006 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை மாலை, போரிவிலியில் இருந்த தங்கை வீட்டுக்குப் போவதற்காக இரண்டாம் வகுப்பில் ஏறி, முதல் வகுப்பைப் பிரிக்கும் தடுப்பில் முதுகைச் சாய்த்து நின்றிருக்கிறார். லோக்கலில் போய்வருகிறவர்களுக்கு அந்தத் தடுப்பைத் தெரியும். மேல்பாதி வெறும் கம்பிதான். இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். குண்டுகள் வெடித்தவை முதல் வகுப்புப் பெட்டிகளில். வெடித்த சத்தம் அவருக்கு நினைவில்லை. கண் விழித்தபோது நீலப் பூப்போட்ட ஒரு போர்வையின் நான்கு முனைகளையும் நான்கு பேர் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்த ஜல்லியின் மேல் தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது மட்டும்தான் நினைவிருக்கிறது. தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளிலிருந்து போர்வையும் சேலையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தவர்கள்தான் அன்றைக்கு ஆம்புலன்ஸ். அந்தப் போர்வை யாருடையது என்று தெரியாமல் போனதால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை என்பதை, தீர்க்காத கடனைச் சொல்வதுபோல இன்றும் சொல்வார்.

மாலை 6.24 மணிக்குத் தொடங்கி 11 நிமிடங்களுக்குள் ஏழு வண்டிகளில் ஏழு குண்டுகள் வெடித்தன. மாட்டுங்கா ரோடு, மாஹிம், பாந்த்ரா, கார் ரோடு, ஜோகேஸ்வரி, போரிவிலி, மீரா ரோடு என்று மேற்கு ரயில்வேயில் தினமும் நாம் கடக்கும் பெயர்கள்தான். காயமடைந்தவர்கள் 800க்கும் மேற்பட்டவர்கள். இறந்தவர்களின் எண்ணிக்கையை ஒரு செய்தித்தாள் 187 என்று எழுதுகிறது, இன்னொன்று 189 என்று எழுதுகிறது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் எண்ணிக்கையில்கூட நமக்குள் ஒருமித்த கருத்து இல்லை.

மறுநாள் காலையே வண்டிகள் ஓடின, கூட்டமும் ஏறியது. "மும்பை ஸ்பிரிட்" என்று நாடே புகழ்ந்தது. அந்தச் சொல்லின் மேல் எனக்குப் பல ஆண்டுகளாகக் கோபம் உண்டு. அன்று காலை வேலைக்குப் போனவர்களில் எத்தனை பேர் துணிச்சலால் போனார்கள், எத்தனை பேர் ஒரு நாள் சம்பளம் பிடிக்கப்படும் என்பதால் போனார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. அண்ணாச்சியோடு வேலை பார்த்த இருவர் அதே வண்டியில், அதே நேரத்துக்கு, வயிற்றைக் கலக்கும் பயத்தோடு போனதாக அவர் சொல்லியிருக்கிறார். வேறு வழியில்லாமல் செய்ததை வீரம் என்று நாம் புகழ்ந்துவிட்டால், அவர்களுக்குப் பாதுகாப்பு தந்திருக்க வேண்டியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி தானாகவே உதிர்ந்துபோகிறது. ஒரு வாரம் கழித்து ஜூலை 18 அன்று சைரன் ஒலிக்க, நகரம் இரண்டு நிமிடம் அசையாமல் நின்றது. அந்த மௌனம் உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பொது மக்களாக நாம் அந்த வழக்குக்குக் கொடுத்த கவனம் ஏறக்குறைய அத்தோடு முடிந்துவிட்டது.

நவம்பர் 26ஐ மட்டும் நாம் மறப்பதில்லை. 2008இல் 166 உயிர்களைப் பறித்த அந்தத் தாக்குதலை ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூர்கிறோம், நினைவுகூரத்தான் வேண்டும். ஆனால் அந்த நினைவு எந்தக் காட்சியாக நமக்குள் நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தாஜ் ஹோட்டலின் குவிமாடத்திலிருந்து எழுந்த புகைதான் எல்லோருக்கும் முதலில் வரும். அந்தத் தாக்குதலில் ஒரே இடத்தில் மிக அதிகமானவர்கள் இறந்தது சத்திரபதி சிவாஜி டெர்மினஸில். வெளியூர் வண்டிக்காக மூட்டைமுடிச்சுகளோடு காத்திருந்தவர்கள் உட்பட 58 பேர். தாஜில் சண்டை மூன்று நாள் நீடித்ததால் கேமராக்கள் மூன்று நாள் அங்கேயே நின்றன. ரயில் நிலையத்தில் எல்லாம் விரைவில் முடிந்துவிட்டது. எங்கே கேமரா அதிக நேரம் நின்றதோ அங்கேயே நம் நினைவும் நின்றுவிட்டது. அந்த நேரலை, உள்ளே இருந்த பயங்கரவாதிகளைப் பாகிஸ்தானிலிருந்து இயக்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் உதவியது என்று உச்ச நீதிமன்றமே 2012 தீர்ப்பில் தொலைக்காட்சிகளைக் கண்டித்தது. 11 நிமிடங்களில் முடிந்துபோன ரயில் குண்டுகளுக்கு நேரலை என்று ஒன்று கிடையாது. 2011 ஜூலை 13 அன்று தாதர் கபூதர்கானா அருகே வெடித்த குண்டும் அப்படித்தான். அந்த வழியாக நாள்தோறும் நடக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அது நினைவில் இல்லை.

இது மும்பைக்கு மட்டும் உரிய குறை அல்ல. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு பணியில் இருந்த காவலர்களும் கட்சித் தொண்டர்களும் இறந்தார்கள். அவர்களில் ஒருவரின் பெயரையாவது சொல்லுங்கள் என்று கேட்டால், என்னையும் சேர்த்து நம்மில் பலர் தலைகுனிய வேண்டியிருக்கும்.

மறதியைப் பற்றி மட்டும் பேசினால் நான் சொல்ல வந்தது பாதிதான் ஆகும். நம் கோபத்தைப் பற்றியும் பேச வேண்டும். குண்டு வெடித்த முதல் சில நாட்களில் நமக்கு ஒரு முகம் வேண்டும், ஒரு பெயர் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். அந்த அவசரம் காவல்துறையின் மேல் இறங்குகிறது. கைது நடந்ததும் வழக்கே முடிந்துவிட்டதாக நினைத்து நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். ரயில் குண்டுவெடிப்பில் சில மாதங்களுக்குள் 13 பேர் கைதானார்கள், நவம்பர் முடிவதற்குள் குற்றப்பத்திரிகையும் வந்துவிட்டது. 2015 செப்டம்பரில் சிறப்பு நீதிமன்றம் ஒருவரை விடுவித்து, ஐந்து பேருக்குத் தூக்கும் ஏழு பேருக்கு ஆயுளும் விதித்தது. தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும் என்பது சட்டம். அந்த விசாரணை முழுமூச்சாக நடக்க 2024 ஆகிவிட்டது. இடைப்பட்ட அந்த ஒன்பது ஆண்டுகளில் ஏன் தாமதம் என்று கேட்டு ஒரு மெழுகுவத்தி ஊர்வலம்கூட நடந்ததாக எனக்கு நினைவில்லை.

உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்ன சொல்கிறது என்பதைக் கோபப்படுகிறவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். ஒப்புதல் வாக்குமூலங்கள் சித்திரவதை செய்து வாங்கப்பட்டவை என்ற குற்றச்சாட்டை நீதிபதிகள் தள்ளிவிடவில்லை. அவற்றின் பகுதிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டி அவற்றை ஏற்க மறுத்தார்கள். குற்றவாளிகளைத் தம் வண்டியில் ஏற்றிச் சென்றதாகச் சொன்ன டாக்ஸி ஓட்டுநர்கள் 100 நாட்களுக்கு மேல் கழித்துத்தான் சாட்சி சொல்ல வந்தார்கள். அடையாள அணிவகுப்பை நடத்தியவருக்கு அதற்கான அதிகாரமே இல்லை. எந்த வகைக் குண்டு பயன்படுத்தப்பட்டது என்பதைக்கூட அரசுத் தரப்பால் நிறுவ முடியவில்லை. இவ்வளவு ஓட்டைகளோடு ஒரு வழக்கைக் கட்டினால் அது பாதிக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் துரோகம். சிறையில் இளமையைத் தொலைத்தவர்களுக்கும், தீர்ப்பைக் கேட்காமலேயே 2021இல் சிறைவாசத்திலேயே இறந்துபோன ஒருவருக்கும் செய்த அநியாயமும் அதே ஓட்டைகளிலிருந்து வந்ததுதான். அந்தக் குடும்பங்களுக்காக வருந்துவது குண்டில் இறந்தவர்களை மறப்பதாகாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், 2008 தாக்குதலில் உயிரோடு பிடிபட்ட ஒரே பயங்கரவாதியான கசாப்பின் வழக்கு இருக்கிறது. கிர்காவ் சௌபாட்டியில் காவல்துறையைச் சேர்ந்த துக்காராம் ஓம்ப்ளே தன் உயிரைக் கொடுத்து அவனை உயிரோடு பிடித்துக் கொடுத்தார். விசாரணையே வேண்டாம், தெருவில் தூக்கிலிடுங்கள் என்று அப்போது கூவினோம். அவனுக்காக வாதாட நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஒருவரின் வீட்டில் கல் விழுந்தது. ஆனாலும் விசாரணை முறையாக நடந்தது. கேமராப் பதிவும் புகைப்படங்களும் நேரில் பார்த்தவர்களும் இருந்தார்கள். சுடப்பட்ட ஒரு சிறுமி ஊன்றுகோலுடன் நீதிமன்றத்துக்கு வந்து அவனை அடையாளம் காட்டினாள். மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்து 2012 நவம்பர் 21 அன்று எரவாடா சிறையில் தண்டனை நிறைவேறியபோது, யார் செய்தார்கள் என்ற கேள்விக்கு உலகம் ஏற்கும் விடை கிடைத்திருந்தது. அதே வழக்கில் ஆதாரம் இல்லாததால் இரண்டு இந்தியர்கள் விடுதலையும் ஆனார்கள். அவர்களில் ஒருவருக்காக வாதாடிய ஷாஹித் ஆஸ்மி, 2010 பிப்ரவரியில் குர்லாவில் தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ரயில் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகவும் நின்றவர் அவர். அப்படிப்பட்டவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அன்றே காது கொடுத்திருந்தால், விசாரணை வேறு பக்கமும் திரும்பியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2025 தீர்ப்பு வந்தபோது அந்தத் தடயங்களுக்கு வயது 19.

2025 தீர்ப்பு வந்த மறுநாள் மட்டும் எல்லோரும் பேசினோம். நீதிபதிகளைத் திட்டினார்கள் சிலர், விடுதலையானவர்களின் மதத்தைத் திட்டினார்கள் சிலர். மாநில அரசு மேல்முறையீடு செய்து, ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றது. விடுதலையானவர்கள் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை என்றும் சொன்னது. அதன் பிறகு நம் கைபேசிகளிலிருந்து அந்தச் செய்தி போய்விட்டது. புதிதாக விசாரணை நடத்துங்கள் என்று ஒரு குரல், பிழையாக விசாரித்தவர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்று ஒரு குரல் இந்த இரண்டு கோடிப் பேர் நகரத்திலிருந்து எழுந்திருக்க வேண்டாமா?

பிழைத்தவர்களை நாம் நடத்திய விதமும் இதில் சேர்த்தியே. ரயிலில் நடக்கும் பயங்கரவாதத் தாக்குதலுக்கு இழப்பீடு கேட்க ரயில்வே சட்டத்தில் இடம் இருக்கிறது; ஆனால் பயணச்சீட்டோடு வந்த பயணி என்று காட்ட வேண்டும். வெடித்த பெட்டியில் சட்டையே கிழிந்து தொங்கிய ஒரு மனிதர் தன் பாஸைக் காட்ட வேண்டும். அண்ணாச்சியின் பாஸ் எப்படியோ தப்பியது. ஓரம் கருகிய அந்தத் துண்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் அட்டையோடு வைத்திருக்கிறார். ஓர் அலுவலகத்தில் அதைப் பார்த்த ஊழியர், தேதி சரியாகத் தெரியவில்லையே என்று மூன்று முறை அலைய வைத்ததை அவர் கோபமில்லாமல் சொல்வார், கேட்கும் எனக்குத்தான் தாங்காது. காதுக்கருவியைச் சொந்தப் பணத்தில் வாங்கினார். கூட்டத்தில் அது இரைச்சலைத்தான் பெருக்குகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். தலையில் அடிபட்டு, நினைவு முழுமையாகத் திரும்பாமலே பல ஆண்டுகள் கிடந்து இறந்தவரும் உண்டு. காயமடைந்தோர் 800க்கு மேல் என்று ஒரு வரியில் எழுதி முடிக்கிற நாம், அந்த வரிக்குள் இப்படி எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

தீர்ப்பின் நகல் 600 பக்கங்களைத் தாண்டும். இணையத்தில் கிடைக்கிறது. டீக்கடையில் அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லாததால், அதையாவது படித்துச் சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போய், இடது பக்கமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பத்திருபது பக்கம் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறேன். சாட்சிகளின் பகுதி வரும்போது நிறுத்தச் சொல்லி, "அந்தாளு எந்த ஸ்டேஷன்ல ஏறுனதா சொல்றான்?" என்று மறுபடி கேட்டுக்கொள்வார். அவர் மனைவி தேங்காய்த் துருவுவதை நிறுத்திவிட்டு வந்து கதவருகே நிற்பார். இன்னும் பாதிகூட முடியவில்லை.