பேனா வைத்துத் திறக்கிற வித்தை வேண்டாம்

இந்தியாவிலிருந்து கொண்டுவரும் பிளக்கைச் சிங்கப்பூர் சாக்கெட்டில் செருகுவது பற்றி மேலே ஒருவர், "ஊரிலும் 230 வோல்ட், இங்கேயும் 230 வோல்ட், பேனா மூடியை மேல் துளையில் செருகினால் ஊர் டூ-பின் பிளக் உள்ளே போய்விடும், அடாப்டர் வீண்செலவு" என்று எழுதியிருக்கிறார். வோல்ட் விஷயம் சரி, மற்றது தப்பு.

சிங்கப்பூர் சாக்கெட் 1947இல் வந்த பிரிட்டிஷ் வடிவம். மேலே உள்ள நீளமான எர்த் பின் முதலில் போய் கீழ்த்துளைகளின் மூடியைத் தள்ளும், பிள்ளைகள் கம்பியைச் செருகாமல் இருக்கத்தான் அந்த மூடியே. நீங்கள் பேனாவால் ஏமாற்றித் திறந்து உருண்டைப் பின்னைத் திணித்தால், தட்டைப் பின்னுக்காகச் செய்த பித்தளைப் பிடி அதைச் சரியாகக் கவ்வாது. தளர்ந்து நின்று சூடேறும், கருகும்.

அப்புறம் ஃபியூஸ். வீவக வீட்டில் (அரசு அடுக்குமாடி வீடு) சாக்கெட் லைனுக்கு டிபி பெட்டியில் (மின் விநியோகப் பெட்டி) இருக்கும் டிரிப் ஸ்விட்ச் 20 ஆம்பியரோ 32 ஆம்பியரோ இருக்கும், அது சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பது. சார்ஜரின் மெல்லிய வயரைக் காப்பது இங்குள்ள பிளக்குக்குள் இருக்கும் 3 அல்லது 13 ஆம்பியர் ஃபியூஸ்தான். ஊர் பிளக்கில் அது கிடையாது.

அம்மா கொடுத்தனுப்பிய மிக்ஸியா? பாதுகாப்பு முத்திரை உள்ள, ஃபியூஸ் வைத்த அடாப்டர் வாங்குங்கள், இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து பிளக்கையே மாற்றுங்கள். மலேசியாவின் ஜோகூருக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அங்கேயும் இதே சாக்கெட்தான்.